‘மே’ படுத்திய பாடு

(கிருஷ்ணன்கோவிலில் படிப்பகத் தோழர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேற்கே பார்த்தால் மலை. கிழக்கே போனால் கரிசல். இடையிலே மதுரையிலிருந்து இராசபாளையம் நோக்கி ஓடும் பெருஞ்சாலை. வத்திராயிருப்புக்குப் பிரிகின்ற இந்த முக்கிலே பேருந்துக்காகக் காத்து நின்றவர்களில் அரசியல் பேசாதவர் எவரேனும் உண்டோ? அத்தகைய ஊரிலே இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு ஓர் ஆங்கிலச் சொல். ஆங்கிலத்திலே அது மூன்றெழுத்து. தமிழிலே எழுதினால் ஓரெழுத்து. ‘மே’ என்பது அந்தச் சொல்.

முன்வரிசையிலே சிறுவர்கள் சிரிக்கின்றனர். ஆடு கத்துகிறதே என்று எண்ணினர் போலும்! சிரியுங்கள் தம்பிகளே! ஆட்டின் ‘மே’க்குப் பொருள் ஒன்றுதான்: பசி. ஆங்கிலேயன் விட்டுச்சென்ற ‘மே’க்கோ பொருள் பல. அந்தப் பல பொருளிலே எந்தப் பொருள் என்ற வழக்கிலேதான் இந்நாட்டு நாடாளுமன்றம் வாதாடியது, தமிழகத்து வீதிகளிலே இளைஞர் உயிர் துறந்தனர், ஆட்சியே மாறியது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கண்மாய்ப் பாசனத்தை நம்பி வாழும் பெரியவர் ஒருவர் என்னிடம் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். அவருடைய ஊர்க் கண்மாயின் மடை பழுதுபட்டுத் தேங்கிய நீர் வீணே ஒழுகிக்கொண்டிருந்தது. ஊரார் கையெழுத்திட்டு ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பினர். ஆங்கிலத்திலே மறுமொழி வந்தது. கல்லூரியில் படிக்கும் பேரன் அதைப் படித்துவிட்டு, “மடையைக் கவனிக்கிறார்களாம் தாத்தா” என்று கூறிவிட்டான். பெரியவர் மகிழ்ந்தார், ஊரும் மகிழ்ந்தது. ஓர் ஐப்பசி மழை வந்து போயிற்று. மறு ஐப்பசியும் வந்து போயிற்று. மடை மட்டும் ஒழுகியபடியே இருந்தது. “எழுத்திலே கொடுத்துவிட்டு ஏமாற்றலாமா?” என்று கேட்டபடி அந்தக் கடிதத்தை என் கையிலே வைத்தார். விரித்துப் பார்த்தேன். எழுத்திலே அவர்கள் எதையும் கொடுக்கவில்லை, தோழர்களே! நிதி கிடைப்பதைப் பொறுத்துக் கோரிக்கை கவனிக்கப்படலாம் என்றுதான் எழுதியிருந்தனர். அந்த ‘லாம்’ இருந்த இடத்திலே ‘மே’ இருந்தது. பேரன் கடிதத்தைப் படித்தான். அந்தச் சொல்லைப் பார்க்கவில்லை.

ஒரு பெரியவரின் வீட்டிலே நடந்தது இது. ஒரு நாட்டிலும் நடந்தது.

ஒரு சொல், பல முகம்

பலபொருள் ஒருசொல் என்பது நம் இலக்கணத்துக்குப் புதிதன்று. ‘மா’ என்பது மரம். ‘மா’ என்பது விலங்கு. ‘மா’ என்பது நில அளவு. ஆயினும் ஐயம் எழுவதில்லை. ‘மா பூத்தது’ என்றால் மரம் என்று அறிகிறோம். ‘மா பாய்ந்தது’ என்றால் விலங்கு என்று அறிகிறோம். பக்கத்திலே வந்து நிற்கும் சொல் ஐயத்தைத் தீர்த்துவிடுகிறது.

‘மே’யின் முகங்களைப் பாருங்கள். மாலையில் மழை வரலாம் என்னும்போது அது ஊகம். நீ உள்ளே வரலாம் என்னும்போது அது இசைவு. நீடு வாழ்க என்னும்போது அது வாழ்த்து. நம் இலக்கணத்தார் வியங்கோள் என்று தனிப் பெயரிட்டு, க, இய, இயர் என்று ஈறும் வகுத்துத் தந்த பணியை, ஆங்கிலத்திலே இந்த ‘மே’யே சுமக்கின்றது. ஆண்டின் ஐந்தாம் திங்களுக்கும் அதே ஒலி உண்டு. அது பிறப்பால் வேறு சொல். 1923ஆம் ஆண்டிலே சிங்காரவேலர் சென்னையில் கொண்டாடிய மே நாளின் ‘மே’ அது. அதனோடு நமக்குப் பிணக்கில்லை.

நமக்குப் பிணக்கு, சட்டத்திலே வந்து அமரும் ‘மே’யோடுதான். அங்கே அது அதிகாரத்தின் சொல். ‘அரசு இதனைச் செய்யலாம்’ என்று சட்டம் கூறினால், செய்யும் அதிகாரம் அரசுக்கு உண்டு. செய்தே தீரவேண்டும் என்ற கடமை இல்லை. சொற்பிறப்பு ஆய்ந்தோர், ‘மே’ என்னும் வினையின் பழைய பொருள் ‘வல்லமை உண்டு’ என்பதே என்பர். வலிமையைக் குறிக்கும் ‘மைட்’ என்னும் சொல்லும் அதே வேரிலே கிளைத்ததுதான். எனவே சட்டத்திலே ‘மே’யைக் காணும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: வல்லமை எவர் கையிலே? ‘உள்ளே வரலாம்’ என்று சொல்லும் உரிமை உடையவனுக்கு ‘வராதே’ என்று சொல்லும் உரிமையும் உண்டன்றோ? கதவு திறந்திருக்கலாம்; தாழ்ப்பாள் அவன் பக்கத்திலே இருக்கிறது.

‘மே’க்கு எதிரே நிற்கும் சொல் ‘ஷல்’. ‘செய்தல் வேண்டும்’ என்று விதிக்கும் சொல் அது. இவ்விரு சொல்லுக்கும் இடையிலேதான் நான் சொல்லவந்த கதை நடைபெறுகின்றது.

பதினைந்து ஆண்டுக் கெடு

1950 சனவரி 26இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 343ஆவது பிரிவு, ஒன்றியத்தின் ஆட்சிமொழி தேவநாகரி வரிவடிவிலான இந்தி என்று கூறிற்று. ஆங்கிலத்துக்கு 15 ஆண்டுகள் தவணை தந்தது. தவணை முடிந்த பின்னரும் ஆங்கிலத்தைப் பயன்படுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று ஓர் உட்பிரிவையும் வைத்தது. இயற்றலாம்! அங்கேயே நுழைந்துவிட்டது ‘மே’.

1955இல் பி. ஜி. கேர் தலைமையிலே ஆட்சிமொழி ஆணையம் அமைந்தது. அதன் உறுப்பினராயிருந்த டாக்டர் சுப்பராயனும், வங்கத்து மொழியறிஞர் சுனிதி குமார் சாட்டர்ஜியும் பெரும்பான்மைக் கருத்தை ஏற்காமல் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தனர். கெடு நெருங்க நெருங்கத் தெற்கிலே கவலை மிகுந்தது. 1959 ஆகஸ்டு 7ஆம் நாள் பிரதமர் நேரு மக்களவையிலே ஓர் உறுதிமொழி தந்தார். மக்கள் வேண்டும் காலமெல்லாம் ஆங்கிலம் துணைமொழியாக இருக்கும். எவ்வளவு காலம் என்பதை முடிவு செய்வோர் இந்தி பேசுவோர் அல்லர், இந்தி பேசாத மக்களே என்பது அதன் சாரம்.

நல்ல உறுதிமொழி. நாணயமான மனிதர் அளித்த உறுதிமொழி. அதிலே ஐயமில்லை. ஆனால் அது அவையிலே ஒலித்த சொல். சட்டத்திலே பொறித்த சொல் அன்று.

1963

அந்த உறுதிமொழியைச் சட்டமாக்குவதற்கென்று 1963 ஏப்ரலிலே உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ஆட்சிமொழி மசோதாவைக் கொண்டுவந்தார். ஆவலோடு பிரித்துப் பார்த்தனர் தென்னாட்டார். மூன்றாவது பிரிவிலே என்ன இருந்தது? 15 ஆண்டுத் தவணை முடிந்தாலும், இந்தியோடு கூட ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்று இருந்தது. ‘ஷல்’ இருக்க வேண்டிய இடத்திலே ‘மே’ அமர்ந்திருந்தது!

அரசின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எதிர்வாதத்தை மறைத்துவிட்டு வெல்வது வெற்றியாகாது. 1965இல் ஆங்கிலத்தின் பாதையிலே அரசியல் சட்டம் ஒரு தடையை எழுப்பி வைத்திருக்கிறது. அந்தத் தடையை அகற்றினால் போதும். அகற்றுவதற்கு ‘மே’ போதுமான சொல் என்றனர். இந்த இடத்திலே ‘மே’ என்றாலும் ‘ஷல்’ என்றாலும் ஒன்றே என்றார் நேரு. சட்ட உலகிலே அதற்கு ஆதாரமே இல்லை என்று கூறிவிட முடியாது. 1880இல் ஆக்ஸ்போர்டு ஆயர் வழக்கிலே இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை ஆராய்ந்த பொருள் இதற்கு நெருங்கியதுதான். அதிகாரம் அளிக்கும் சொல் அதிகாரத்தை மட்டுமே அளிக்கும். ஆயினும் சில சூழ்நிலைகளிலே அந்த அதிகாரத்தோடு கடமையும் பிணைந்துவிடும் என்பது அங்கே வகுக்கப்பட்ட நெறி.

ஆனால் எந்தச் சூழ்நிலையிலே பிணையும், எப்போது பிணையாது என்பதை யார் சொல்வது? நாளை வரும் நீதிபதி! நாளை வரும் அமைச்சர்! அதனால்தான் மாநிலங்களவையிலே அறிஞர் அண்ணா எழுந்தார். இரண்டும் ஒன்றே எனில், ‘ஷல்’ என்றே எழுதிவிடுவதிலே தடை என்ன என்பது அவருடைய வாதம். எளிய வாதம்; ஆனால் அசைக்க முடியாத வாதம். இரண்டு நாணயமும் ஒரே மதிப்பு என்று கூறும் வணிகர், நாம் கேட்கும் நாணயத்தைத் தர மறுத்தால், மதிப்பு ஒன்றே என்று எப்படி நம்புவது?

மாற்றம் ஏற்கப்படவில்லை. 1963 மே 10ஆம் நாள் மசோதா சட்டமாயிற்று. ‘மே’ மாதத்திலே ‘மே’ சட்டமாயிற்று!

வாக்கும் எழுத்தும்

அடுத்து நடந்ததை எண்ணிப் பாருங்கள். 1964 சனவரி 25ஆம் நாள் திருச்சியிலே கீழப்பழுவூர் சின்னச்சாமி தீக்குளித்து மாண்டார். அதே ஆண்டு மே 27ஆம் நாள் நேரு மறைந்தார். உறுதிமொழி தந்தவர் போய்விட்டார், ‘மே’ இருந்தது. 1965 சனவரி 26 வந்தது. கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன் என்று தீயிலே வெந்தவர் வரிசை நீண்டது. சிதம்பரத்திலே மாணவன் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானான். மத்திய அமைச்சர்களான சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகினர். 1965 பிப்ரவரி 11ஆம் நாள் பிரதமர் சாஸ்திரி வானொலியிலே பேசி, நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்று மீண்டும் உறுதி தந்தார். அடுத்த ஆண்டு சனவரியிலே அவரும் தாஷ்கண்டிலே மறைந்தார்.

பாருங்கள், தோழர்களே! உறுதிமொழி அளித்தவர் இருவர், இருவரும் நல்லவர், இருவரும் மறைந்தனர். மனிதர் அளிக்கும் வாக்கு மனிதரோடு முதுமையடைகின்றது. சட்டத்திலே எழுதிய சொல், அதை எழுதியவர் போன பின்னும் ஆள்கின்றது. ஆகவே ஒரு நல்ல தலைவரை நம்புவது வேறு. நம் பிள்ளைகளின் எதிர்காலத்தை அவருடைய ஆயுளிலே கட்டிவைப்பது வேறு.

1967 தேர்தல் வந்தது. இங்கிருந்து கூப்பிடு தூரத்து விருதுநகரிலே நடந்ததை இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்வித் தெய்வம் எனப் போற்றப்பட்ட பெருந்தலைவர் காமராசர், மொழிப் போரிலே முன்னின்ற மாணவர் பெ. சீனிவாசனிடம் 1285 வாக்குகளிலே தோற்றார். காரணம் மொழி ஒன்றேயன்று. அரிசிப் பஞ்சம் இருந்தது, விலையேற்றம் இருந்தது. ஆயினும் ஒரு சொல்லைத் திருத்த மறுத்ததற்குக் கொடுத்த விலையும் அதிலே அடங்கும் என்பதை யார் மறுப்பார்?

அதன் பின்னரே தில்லி திருத்தியது. 1967 டிசம்பரிலே திருத்த மசோதா நிறைவேறி, 1968 சனவரி 8ஆம் நாள் ஒப்புதல் பெற்றது. இன்று அந்த மூன்றாவது பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள். முதல் வரியிலே பழைய ‘மே’ இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதைச் சுற்றி ‘ஷல்’ என்னும் வேலி எழுந்துவிட்டது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றியம் நடத்தும் கடிதப் போக்குவரத்திலே ஆங்கிலம் பயன்படுத்தப்படல் வேண்டும். தீர்மானங்கள், பொது ஆணைகள், விதிகள், அறிவிக்கைகள் முதலியன இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளிவருதல் வேண்டும். இந்தியை ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தை நிறுத்தத் தீர்மானம் நிறைவேற்றி, அதன் பின் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானம் நிறைவேற்றும் வரையிலே இந்த ஏற்பாடு நீடித்தல் வேண்டும். தாழ்ப்பாள் இடம் மாறிவிட்டது, தோழர்களே! தில்லியின் பக்கத்திலே இருந்த தாழ்ப்பாள் நம் பக்கத்துக்கு வந்துவிட்டது. 1976இலே வகுக்கப்பட்ட ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்று தொடங்குவதும், அந்தப் போராட்டத்துக்குப் பின் வந்த விளைவே.

‘ஷல்’ மட்டும் போதுமா?

‘ஷல்’ கிடைத்துவிட்டது, இனி உறங்கலாம் என்று எவரும் எண்ணவேண்டா. ‘ஷல்’லும் சோர்ந்துபோன வரலாறு உண்டு. அரசு ஊழியர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கையிலே தேர்வாணையத்தைக் கலந்தாலோசித்தல் வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 320ஆவது பிரிவு ‘ஷல்’ போட்டுக் கூறுகின்றது. 1957இல் மன்போதன் லால் வழக்கிலே உச்ச நீதிமன்றம், அந்தக் கலந்தாலோசனை கட்டாயம் அன்று. கலந்தாலோசிக்காததால் ஆணை செல்லாததாகிவிடாது என்று தீர்ப்பளித்தது. ‘வேண்டும்’ என்று எழுதியது ‘லாம்’ என்று சுருங்கிற்று. சொல் வேலிதான், வேலிக்குக் காவலும் வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது பழங்கதை அன்று, இன்றும் இருக்கும் குறை. இந்த மாவட்டத்தார் வழக்கு உயர்நீதிமன்றம் சென்றால், 2004 முதல் மதுரைக் கிளைக்குச் செல்கின்றது. சென்னைக்கு அலைந்த அலைச்சல் தீர்ந்தது. ஆனால் அங்கே வாதம் ஆங்கிலத்திலே நடக்கின்றது. தன் நிலத்தைப் பற்றிய வழக்கிலே, நிலத்துக்கு உடையவன் வாய்பார்த்து நிற்கின்றான். இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. குடியரசுத் தலைவரின் முன்னிசைவோடு, மாநில ஆளுநர், உயர்நீதிமன்ற நடவடிக்கைகளிலே இந்தியையோ மாநில ஆட்சிமொழியையோ பயன்படுத்த அதிகாரம் அளிக்கலாம் என்கிறது 348ஆவது பிரிவு. அளிக்கலாம்! மறுபடியும் ‘மே’!

அந்த ‘மே’ யாருக்குக் கதவைத் திறந்தது? 1950இல் இராசஸ்தானத்துக்குத் திறந்தது, 1969இல் உத்தரப் பிரதேசத்துக்கு, 1971இல் மத்தியப் பிரதேசத்துக்கு, 1972இல் பீகாருக்கு. நான்கிலும் நுழைந்த மொழி இந்தி. தமிழுக்குக் கதவு திறக்க வேண்டும் என்று 2006இல் நம் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. இசைவு வரவில்லை. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியின் கருத்தையும் பெறவேண்டும் என்று 1965 மே 21இல் அமைச்சரவைக் குழு ஒன்று எடுத்த முடிவு குறுக்கே நிற்கின்றது. பிரிவின் எழுத்திலே இல்லாத பூட்டு அது. எழுத்திலே ‘மே’ இருந்தால், பிறகு எத்தனை பூட்டும் போடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆங்கிலம் கேடயமா, சுவரா?

இங்கே ஒரு நண்பர் எழுந்து கேட்கக்கூடும்: “ஆங்கிலம் இருக்க வேண்டும் என்று போராடினீர்கள், இப்போது ஆங்கிலச் சொல்லாலேயே ஏமாந்தோம் என்கிறீர்கள். எது சரி?” நியாயமான கேள்வி. ஒன்றியத்துக்கும் நமக்கும் இடையிலே ஆங்கிலம் ஒரு கேடயம். அங்கே அது எவருக்கும் தாய்மொழி அன்று. எனவே எவருக்கும் சலுகை இல்லை, எவருக்கும் தனித் தாழ்வும் இல்லை. ஆனால் நம் அலுவலகத்துக்கும் நம் உழவனுக்கும் இடையிலே அதே ஆங்கிலம் வந்து நின்றால், அது கேடயமன்று, சுவர். தமிழ் ஆட்சிமொழி என்று 1956இலேயே நாம் சட்டம் செய்துவிட்டோம். பிறகும் கண்மாய்க்காரருக்கு ஆங்கிலத்திலே மறுமொழி போகிறது என்றால், குற்றம் தில்லியிலே இல்லை. நம் மேசைகளிலே இருக்கிறது. தில்லியைக் கேட்கும் அதே குரலிலே நாம் நம்மவரையும் கேட்டாக வேண்டும்.

கிளைக் கழகங்களிலே பணியாற்றும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். மக்கள் உங்களிடம் கடிதத்தைக் கொண்டுவருவார்கள், ஆணையைக் கொண்டுவருவார்கள், ஆலை வாயிலிலே ஒட்டிய அறிவிப்பைக் கொண்டுவருவார்கள். தலைப்பைப் படிக்காதீர்கள், முத்திரையைப் பார்த்து மயங்காதீர்கள், வினைச்சொல்லைத் தேடுங்கள். ‘வழங்கப்படும்’ என்று இருக்கிறதா, ‘வழங்கப்படலாம்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ‘லாம்’ இருந்தால், யார் முடிவு செய்வது, எந்த நாளுக்குள், மறுத்தால் காரணம் சொல்வார்களா என்று மூன்று கேள்வி எழுதி அனுப்புங்கள். மறுமொழியைத் தமிழிலே கேளுங்கள்.

அந்தப் பெரியவருக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். சொல்லின் பொருளை விளக்கியபோது அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: “இதையே தமிழில் ‘செய்யலாம்’ என்று எழுதியிருந்தால், செய்யமாட்டார்கள் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்குமே ஐயா! இரண்டு மழையை விட்டிருக்கமாட்டேனே!”

நாடாளுமன்றத்திலே நாள்கணக்கிலே நடந்த வாதத்தை அந்தக் கரைவேட்டி இல்லாத உழவர் இரண்டே வரியிலே முடித்துவிட்டார். தன் மொழியிலே வந்தால், ஐயமும் ஐயமாகத் தெரியும். அயல்மொழியிலே வந்தால், ஐயம்கூட வாக்குறுதியாகத் தோன்றும். அவர் இழந்த இரண்டு மழையை யாராலும் திருப்பித் தர இயலாது. மூன்றாவது மழையை இழக்காமல் காப்பது நம் வேலை.